காலுக்குக் கீழே ஒரு ஊர்

பார்சிலோனா போனா எல்லாரும் கௌடி கட்டிடங்களை அண்ணாந்து பார்ப்பாங்க. நான் இன்னைக்குக் குனிஞ்சு பார்த்த கதையைச் சொல்றேன்.

பிளாசா டெல் ரெய் சதுக்கத்துல நகர வரலாற்று அருங்காட்சியகம். லிஃப்ட்ல இறங்கினா, சுமார் 4,000 சதுர மீட்டருக்கு ரோமானியர்களோட 'பார்சினோ' ஊர். நான் அரண்மனையை எதிர்பார்த்துப் போனேன். பார்த்தது சலவைக்கூடம், சாயப்பட்டறை, மீனை உப்புல ஊறப்போடுற தொட்டிகள், ஒயின் கூடம். அந்தக் காலத்துல துணி வெளுக்கச் சிறுநீர்தான். அதுல இருக்கிற அம்மோனியா அழுக்கை எடுக்கும். அந்தத் தெரு எப்படி நாறியிருக்கும்னு யோசிங்க!

இது வெளியே வந்த கதை இன்னும் சுவாரசியம். வியா லையெத்தானாங்கிற சாலைக்காகப் பழைய ஊர்ல வரிசையா வீடுகளை இடிச்சாங்க. காசா படெல்லாஸ்ங்கிற மாளிகையைக் கல் கல்லாப் பிரிச்சு, 1931ல இந்தச் சதுக்கத்துக்கு மாத்தினாங்க. அஸ்திவாரம் தோண்டினப்போ கீழே ரோம்!

எனக்கு உறுத்தினது இதுதான். மாளிகை தப்பிச்சது, சாதாரண ஜனங்க வீடு தப்பிக்கலை. ஆனா இன்னைக்கு டிக்கெட் வாங்கி நாம பார்க்கிறது, சலவைக்காரங்களும் சாயக்காரங்களும் உழைச்ச இடத்தை.

உங்க ஊர்ல இடிபடப்போற தெரு இருந்தா, ஒரு தடவை நடந்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.