சம்பளம் கொழும்புடையது, அதிகாரம் புலிகளுடையது

(கெங்கவல்லி பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேசும் விஷயம் உங்களில் சிலருக்குக் கோபத்தை உண்டாக்கலாம். வந்தால் வரட்டும். நாகியம்பட்டி முகாமை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இலங்கைச் சங்கதி தூர தேசத்துச் சங்கதி அல்ல.

2002ல் போர்நிறுத்தம் ஆனது முதல் 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழும் வரை வன்னியில் விடுதலைப் புலிகள் ஒரு சர்க்காரையே நடத்தி வந்தார்கள். போலீஸ் அவர்களுடையது, கோர்ட்டும் பாங்கும் வரியும் அவர்களுடையவை. ஆனால் உபாத்தியாயருக்கும் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் சம்பளம் எங்கிருந்து வந்தது? கொழும்பிலிருந்து! யாரோடு சண்டையோ அவன் கொடுத்த சம்பளம். கொழும்பு அதை நிறுத்தினால் அந்த ஜனங்கள் தன் பிரஜைகள் அல்லவென்று தானே ஒப்புக்கொண்டதாகும். புலிகள் தடுத்தாலோ பள்ளிக்கூடத்தைத் தங்கள் செலவில் நடத்தவேண்டும். ஆகவே இருவரும் கண்டும் காணாதவர்களாக இருந்தார்கள்.

அதற்குமேல் அந்நிய நாட்டுப் பணம். 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய தேசங்கள் 450 கோடி டாலர் தருவதாகச் சொல்லின. சமாதானம் முன்னேற வேண்டும் என்று ஒரு கொக்கியும் போட்டன. புலிகள் அந்த மகாநாட்டிற்கே போகவில்லை. 2004 டிசம்பர் 26ந் தேதி கடல் பொங்கியது. நிவாரணத்தைச் சேர்ந்து நடத்த 2005 ஜூன் 24ல் இரு கட்சியாரும் ஒப்பந்தம் செய்தார்கள். மூன்றே வாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு அதன் முக்கிய பாகங்களை நிறுத்தி வைத்துவிட்டது. வழக்காடிய ஜே.வி.பி.யாருக்கு என்ன கவலை? புலிகளுக்குச் சர்க்கார் அந்தஸ்து வந்துவிடுமே என்ற கவலை! வலையிழந்த மீனவன் கரையில் நின்றான்.

“ஜனங்கள் புலிகளை ஆதரித்தார்களே” என்பீர்கள். பலர் மனமார ஆதரித்தார்கள். திருட்டு பயமில்லாத இரவை யார் வெறுப்பார்கள்? ஆனால் எந்தச் சர்க்காரும் வரிகொடுப்பவனுக்குத்தான் கொஞ்சமாவது பயப்படும். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொழும்பு செலவழிக்க, கடல் கடந்த தமிழர் பணம் அனுப்ப, வன்னிக் குடியானவன் தயவு எதற்கு வேண்டும்? கடைசி யுத்தத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிள்ளைகளைப் பிடித்துப் போனபோது, வெளியேற அனுமதிச்சீட்டு இல்லாதவன் கொடுத்ததற்கு ஆதரவென்றா பெயர்?

கொழும்பை நான் விட்டுவிடவில்லை. 2008 செப்டம்பரில் அந்நிய உதவிச் சங்கத்தாரை வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னதும் அந்தச் சர்க்கார்தான். தன் பிரஜைகள் என்று சம்பளம் அனுப்பியவர்கள், குண்டு விழும் சமயத்தில் சாட்சிகளை அப்புறப்படுத்தினார்கள்.

முகாமுக்குப் போகும் தோழர்கள் அங்குள்ள தாய்மார்களிடம் இதைப்பற்றிக் கேளுங்கள். இரண்டு விதமாகவும் சொல்லுவார்கள், இரண்டையும் கேளுங்கள். இனி, எதிர் அபிப்பிராயமுள்ளவர்கள் மேடைக்கு வந்து பேசலாம்.