பழைய மரமும் புதிய வீடும்

கரவெட்டியில் ஒரு பழைய நாற்சார் வீடு பிரிக்கப்படும் நாளில், முற்றத்திலே இரண்டு குவியல்கள் எழும். செதுக்கு வேலை அமைந்த கதவு, நிலை, தூண் ஆகிய விலைபோகும் பொருள்கள் ஒரு புறம். பனஞ்சிலாகை, உடைந்த யன்னற் சட்டம், காலொடிந்த வாங்கு, மூடி கழன்ற பெட்டகம் ஆகியவை மறு புறம். முதற் குவியல் வியாபாரியின் வண்டியில் ஏறும். இரண்டாவது அடுப்புக்குப் போகும். மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு சில நாள்களில் ஊரை விட்டு நீங்கிவிடும். விறகென்று தள்ளப்படும் அந்த இரண்டாவது குவியலைப் பற்றியதே இன்றைய பேச்சு.

கழிந்த பொருளை மீண்டும் ஆளுதல் வடமராட்சிக்குப் புதிய பாடமன்று. கூரையிலும் வேலியிலும் கிடந்து பழசான பனையோலை, தோட்டத்திலே புதைக்கப்பட்டுப் பசளையாயிற்று. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய சுவரை இடித்தால், சாந்து எளிதிற் கழன்றுவிடும். அதே கல் மறு சுவருக்கு உதவும். சீமெந்துச் சாந்தோ கல்லை விடாது பற்றுவதால், பிரிக்கும்போது கல்லே உடைகிறது. மரவேலையும் அத்தகையதே. கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணி இறுக்கிய சட்டத்தை, ஊறுபாடின்றிக் கழற்றிவிடலாம். பூட்டும்போதே பிரிப்பதற்கும் வழி வைத்தனர் அக்காலத்து ஓடாவிமார்.

பனஞ்சிலாகையை எரிப்போர் அம்மரத்தின் இயல்பை அறியாதவர். வேம்பு, முதிரை முதலிய மரங்களில் வைரம் நடுவே இருக்கும். பனையிலோ அது புறத்தே உள்ளது. நடுவில் இருப்பது மென்மையான சோற்றி. கரிய நார் செறிந்த வலிய பகுதி வெளிவட்டத்திலும் அடிமரத்திலும் அமைகிறது. ஆதலின் பனையிலிருந்து அகன்ற பலகை பெறுதல் அரிது. நீண்டு ஒடுங்கிய சட்டங்களே கிடைக்கும். வாங்கின் இருக்கைக்கும், புத்தகத் தட்டுக்கும், மேசைக் காலுக்கும் அவை போதும். மேலும், ஐம்பது ஆண்டு கூரையில் நின்ற மரம் நன்கு காய்ந்தது. ஈரமான புது மரம்போலப் பின்னர் முறுகாது.

வேலை தொடங்குமுன் ஆணிகள் யாவற்றையும் பிடுங்குதல் வேண்டும். மறைந்து கிடக்கும் ஓர் ஆணி வாளின் பல்லை முறித்துவிடும். அடுத்து, மரத்தைத் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்றால் நல்ல மரம். பொத்தென்றால் உள்ளே செல் அரித்திருக்கும். சுவருக்குள் இருந்த முனைகளே பெரும்பாலும் கெடுவன; அவற்றை அறுத்து நீக்கினால் எஞ்சியது பயன்படும். பனையில் நேரே ஆணி அறைந்தால் நார் பிளக்கும். துளையிட்ட பின்னரே அறைய வேண்டும். சிலாம்பு ஏறாதபடி விளிம்புகளைச் சீவி மழுக்குவதும் அவசியம். இவை எல்லாவற்றிலும் தலையாய விதி, நீண்டதைக் குறுக்காமை. பழைய கதவொன்றை அப்படியே கால்மேல் ஏற்றி மேசையாக்கினால், அது நாளை மீண்டும் கதவாகலாம். நான்கு துண்டாக்கிவிட்டால் மீளாது.

இப்பகுதி மக்கள் இவ்வறிவை நெருக்கடியிலே நன்கு பயின்றவர்கள். 1987 மே மாத இராணுவ நடவடிக்கையில் வடமராட்சியின் வீடுகள் பல சிதைந்தன. 1990இன் பின் பொருளாதாரத் தடையினால் சீமெந்தும் மண்ணெண்ணெயும் மின்கலமும் கிடைத்தற்கரியவாயின. ஜாம் போத்தல் விளக்காயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாள்களை நேயர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். புகையிரதப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரிலேதான் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டது. அந்நாள்களில் ஒரு பலகையும் வீணாக எறியப்படவில்லை. இல்லாமை கற்பித்ததைப் பொருள் வந்தபின் மறக்கலாமா?

பழைய மரம் வறியவர்க்கு உரியது என்ற எண்ணமே இம்மறதிக்குக் காரணம். 1934இல் நெதர்லாந்தின் கெரிற் ரீட்வெல்ட், பொதிப்பெட்டிப் பலகையின் அமைப்பிலே கதிரைகளை வகுத்தார். அவை இன்று நூதனசாலைகளில் வைக்கப்பட்டுள்ளன. இலங்கையின் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, கொழும்பிலே தாம் வாழ்ந்த வீட்டில் செட்டிநாட்டுப் பழந் தூண்களை நிறுத்தினார். வசதி படைத்தவர் தேடி வாங்கியதை நம்மவர் தேடாமலே எரிப்பது வியப்புக்குரியது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மேசைக்கு மரம் வேண்டுமென்று, நிற்கக்கூடிய வீட்டைப் பிரித்தல் தகாது. கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றலாம். ஒரு தீராந்தி உக்கினால் அதனை மட்டும் மாற்றலாம். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால், பூட்டிய வீட்டை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து, காற்றோட்டி, செல்லைத் தட்டிவிட ஒருவரை ஒழுங்கு செய்தால், அவ்வீடு இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். பிரிப்பதைத் தவிர வேறு வழியே இல்லையெனில், வியாபாரியை அழைக்குமுன் ஊரிலுள்ள முதிய ஓடாவி ஒருவரை ஒரு நாட் கூலிக்கு அழைத்துக் குவியலைக் காட்டுக. எது கதவு, எது கதிரை, எது விறகு என அவர் பிரித்துத் தருவார். அருகில் ஓர் இளைஞனையும் நிறுத்துவது நன்று. தட்டிக் கேட்டு மரத்தை அறியும் அந்தச் செவி, ஓடாவியோடு போய்விடாமல் இருக்க வேண்டுமல்லவா?