சங்கத்தின் கதவு சாத்தினால் யார் வீட்டுக் கதவு திறக்கும்?



கடன் சங்கம் ஒன்று மூடிப்போனால் என்ன நஷ்டம் என்று மில் வாசலில் கேட்டால், "போட்ட பணம் போச்சு" என்பார்கள். அது பாதிக் கணக்குத்தான். மீதிக் கணக்கை மறுநாள் காலையில் லேவாதேவிக்காரன் எழுதுவான்.

தண்டல் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, முன்னதாகவே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொள்வான். கையில் வருவது 8,500. அதற்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். தினமும் அசல் குறைகிறது. முதலில் பிடித்த வட்டியோ குறைவதில்லை. ஒரு நாள் தவறினால் வாசலில் வண்டி நிற்கும், தெரு கேட்க ஏசுவான். கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் தீயில் வெந்து மடிந்தார். சட்டம் ஏட்டில் இருந்தது. அவருக்கு நியாய வட்டிக்குக் கடன் கொடுக்க யார் இருந்தார்கள்?

இந்தப் பிடியைத் தளர்த்தத்தான் கூட்டுறவு வந்தது. 1904ல் வெள்ளைக்கார சர்க்கார் சட்டம் போட்டது. அந்த ஆண்டே செங்கல்பட்டு ஜில்லா திரூரில் சங்கம் பதிவாயிற்று. ஆயினும் 1951-52ல் நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, கிராமத்து மக்கள் வாங்கிய 100 ரூபாய்க் கடனில் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 ரூபாய். லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது சுமார் 70 ரூபாய்! இன்று தவணை தவறாமல் கட்டும் விவசாயிக்குச் சங்கத்தில் வட்டியில்லாப் பயிர்க்கடன் உண்டு. நிலமில்லாத கூலிக்காரனுக்குப் பயிர்க்கடன் ஏது? அவன் வீட்டுப் பெண்ணின் கம்மலும் மூக்குத்தியும்தான் அவனுக்கு நிலம். அதை அடகு வைக்கச் சங்கம் இல்லையென்றால் வட்டிக்கடைதான்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல நமக்கு நாக்குக் கூசுகிறது. சொல்லாமல் விட்டால் அதைவிடக் கேவலம்.

கேரளத்தில் திருச்சூர் ஜில்லா கருவன்னூர் கூட்டுறவு வங்கி. பல்லாண்டுகளாக இடதுசாரிகளின் நிர்வாகத்தில் இருந்தது. ஒரே சொத்தைத் திரும்பத் திரும்ப ஈடு காட்டி, உறுப்பினர்களுக்கே தெரியாமல் அவர்கள் பேரில் கடன் எழுதி, நூறு கோடிக்கு மேல் சூறையாடியது 2021ல் அம்பலமாயிற்று. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 2022 ஜூலையில், வைத்தியத்துக்குத் தன் பணமே கிடைக்கவில்லை என்று குடும்பத்தார் கதற, ஒரு மூதாட்டியின் பிரேதம் அந்த வங்கி வாசலில் கிடத்தப்பட்டது. செங்கொடி பிடித்தவன் நிர்வாகத்தில் இருக்கிறான், கணக்குக் கேட்க வேண்டாம் என்று நம்பியதற்கு அந்த ஜனங்கள் கொடுத்த விலை அது. நம் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். சாவியைக் கையில் வைத்திருப்பவனை எந்தப் பூட்டும் தடுக்காது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வங்கி முழுகினால் இன்ஷூரன்ஸ் வருமே?" என்று கேட்பீர்கள். 1960ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் அந்தச் சட்டமே வந்தது. 1962ல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 முதல் 5 லட்சம் வரை. ஆனால் அது வங்கிகளுக்கு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்துக்கும், மில் தொழிலாளியின் சிக்கன நாணயச் சங்கத்துக்கும் அது கிடையாது. பணக்காரன் பணம் போடும் இடத்துக்குக் காப்பு உண்டு, ஏழை போடும் இடத்துக்கு இல்லை! இந்தக் காப்பு நம் சங்கங்களுக்கும் வேண்டும் என்பது நம் கோரிக்கை.

மில் தோழர்களுக்கு இன்னொன்று. உங்கள் சங்கத்துக்கென்று சம்பளத்தில் பிடித்த பணத்தை நிர்வாகம் சங்கத்தில் கட்டாமல் வைத்துக்கொண்டால், மில் மூடும்போது சங்கமும் கூடவே மூடும். மாதாமாதம் சம்பளச் சீட்டையும் பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் சங்கக் கிளையில் கொண்டுவந்து கொடுங்கள், நாம் பார்த்துச் சொல்கிறோம். பேரவைக் கூட்டத்தில் டீயும் மிக்சரும் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்புகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. டீயைக் குடியுங்கள். தணிக்கை அறிக்கையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெரிய கடன் யாருக்குப் போயிருக்கிறது, என்ன ஈட்டின் பேரில் என்று கேளுங்கள். பதில் சொல்லுகிறவன் நம் தோழனாகவே இருந்தாலும், கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.