வீட்டுப் பட்டறையும் கடற்காற்றும்

கொழும்பின் தென்கரையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி நிற்கும் வெள்ளவத்தை வீடுகளில் வாழ்வோர்க்குத் துருவைப்பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியது எதுவுமில்லை. சன்னற் கம்பி, கதவுக் கீல், துவிச்சக்கர வண்டியின் சங்கிலி ஆகிய யாவும் அங்கே உள்நாட்டு ஊர்களிலும் பார்க்க விரைவாகவே செந்நிறம் பூண்டுவிடுகின்றன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையும் வீசும் தென்மேற் பருவக்காற்று, கடலின் உப்புத் திவலையைப் புகையிரதப் பாதையையும் தாண்டி வீட்டினுள்ளே கொண்டுவந்து சேர்க்கின்றது. இத்தகைய இடத்திலே ஒருவர் தமது வீட்டின் பின்னறையில் சிறியதொரு மில்லிங் இயந்திரத்தை நிறுவி, உலோக உறுப்புகளைத் தம் கையாலேயே ஆக்க முற்படுவாராயின், அவர் இரண்டு பகைகளை எதிர்கொள்ளல் வேண்டும். ஒன்று, இயந்திரத்தின் தளர்ச்சி. மற்றையது, காற்றிலே கலந்துள்ள உப்பு.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், 2022ஆம் ஆண்டிலே வெளிநாட்டுச் செலாவணியின்றி இலங்கை இடர்ப்பட்டபோது, உதிரிப் பாகங்களின் வரவு தடைப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார். விரலளவான ஒரு பித்தளைப் புஷ், பல்லொடிந்த ஒரு சிறு சக்கரம், ஓர் அச்சாணி என்னும் இவை கிடையாமையால், மற்றெல்லா வகையிலும் பழுதற்றிருந்த நீர்ப்பம்பியும் தையல் இயந்திரமும் பயனற்றுக் கிடக்க நேரிடும். அக்காலத்தில் பஞ்சிகாவத்தைக் கடைகளிலே தேடிக் களைத்தவனுக்கு, அவ்வுறுப்பை ஆக்கித் தரவல்ல அயல்வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய துணையென்பது விளங்கியிருக்கும்.

கடைசல் இயந்திரத்திலே வேலைப்பொருள் சுழல, உளி நிலையாக நின்று அதனை உருட்டிக் கடையும். மில்லிங் இயந்திரத்திலோ பல பற்களையுடைய கட்டர் சுழல, மேசையிற் பிணிக்கப்பட்ட பொருள் அதன்கீழே மெல்லமெல்ல நகர்ந்துசெல்லும். நூலோர் இதனைத் துருவல் இயந்திரம் என்பர். பட்டறைகளில் மில்லிங் மெஷின் என்பதே வழக்கு. தட்டையான முகம், நீண்ட பள்ளம், சதுரத் துளை, சக்கரத்தின் பல் ஆகியன இதனாலேயே செவ்வையாக அமையும். அமெரிக்காவில் யோசேப் பிரவுன் என்பார் 1862ஆம் ஆண்டளவில் ஆக்கிய பல்பயன் மில்லிங் இயந்திரம், துளையிடும் அலகுகளின் முறுக்குப் பள்ளங்களை வெட்டும் தேவையிலிருந்து பிறந்தது. அந்நாட்டிலேயே 1938ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த பிரிட்ஜ்போர்ட் இயந்திரம் உலகெங்கும் பரவிப் பின்வந்தோர் பலருக்கு மாதிரியாயிற்று. அது ஏறக்குறைய ஒரு தொன் நிறையுடையது. இன்று பொழுதுபோக்காளர் வாங்கும் சீனத்துச் சிற்றியந்திரமோ ஐம்பது அறுபது கிலோகிராமுக்கு மேற்படுவதில்லை. இருவர் சேர்ந்து மாடிப்படியில் ஏற்றிவிடலாம். அதன் நன்மையும் அதுவே, குறையும் அதுவே.

உருக்கை வெட்டும்போது கட்டரின் ஒவ்வொரு பல்லும் ஒரு சம்மட்டி அடிபோல வந்து மோதும். பெரிய இயந்திரத்தின் வார்ப்பிரும்பு அவ்வடிகளைத் தன்னகத்தே விழுங்கிக்கொள்ளும். சிறிய இயந்திரம் அதிரும், தூண் பின்னோக்கி வளையும், கட்டர் விலகும், முகத்திலே அலையலையான தழும்பு விழும். புதிய இயந்திரம் வாங்கியவருட் பலர் இதைக் கண்டதும் முதற்செலவாக மின்னணு எண்காட்டியை வாங்கிப் பூட்டுகின்றனர். மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கைக் காட்டும் அவ்வெண்கள் கண்ணுக்கு இனியன என்பது மெய்யே. ஆனால் அவை மேசை நிற்கும் இடத்தைக் காட்டுமேயன்றி, வளைந்துபோன கட்டர் எங்கே நிற்கின்றது என்பதைக் காட்டமாட்டா. பணத்தை முதலில் அங்கே செலவிடுதல், சுவர் பிளந்த வீட்டுக்கு மணிக்கூடு வாங்கி மாட்டுவதை ஒக்கும்.

இதனை ஐயமறத் தெளிய ஓர் எளிய சோதனை உண்டு. டயல் கேஜ் என்னும் முள் அளவியை மேசையில் நிறுத்தி, அதன் முனையைச் சுழலச்சின்மேல் படியவிட்டு, இயந்திரத்தின் தலையை ஒரு கையால் தள்ளிப் பார்க்கவேண்டும். கைவிசைக்கே முள் நகருமாயின், கட்டர் உருக்கிலே புகும்போது நிகழ்வதை ஊகித்துக்கொள்ளலாம். ஆதலின் திருத்த வேலை தூணிலிருந்தே தொடங்கற்பாலது. சில சிற்றியந்திரங்களிலே தூண் சாய்வதற்கென அடியில் ஒரேயொரு பெரிய திருகாணியால் மட்டும் பிணிக்கப்பட்டிருக்கும். சாய்த்து வெட்டும் தேவை ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் அரிது. அந்த வசதியைத் துறந்து, தடித்த உருக்குத் தகட்டினால் தூணை முதுகுப்புறத்தில் அடித்தளத்தோடு இறுகப் பிணித்துவிடுதல் நன்று. தூணின் பொள்ளலான உட்புறத்தை, எப்பொக்சிப் பசையிற் குழைத்த கருங்கற் பொடியால் நிரப்புவோரும் உளர். நிறை கூடுவதோடு அதிர்வும் அதிலே அடங்குகின்றது.

அடுத்தது மேசை. அது நகரும் தடத்திலே ஜிப் எனப்படும் மெல்லிய பட்டையொன்று செருகப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அதன் முகம் பெரும்பாலும் கரடாகவே காணப்படும். அதனைக் கழற்றித் தட்டையாகத் தேய்த்து, எண்ணெயிட்டு, மேசை தாராளமாக நகரவும் பக்கவாட்டில் ஆடாதிருக்கவும் கூடிய அளவுக்குத் திருகாணிகளை முடுக்குதல் வேண்டும். ஒரு பைசாவும் செலவில்லாத இவ்வேலைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் செல்லும். விலை கொடுத்து வாங்கும் எந்தத் துணைக்கருவியும் இதற்கு ஈடாகாது.

மேசையை நகர்த்தும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்வு மற்றொரு தொல்லை. கைச்சக்கரத்தை எதிர்த்திசையிலே திருப்பும்போது, மேசை அசையாமலே சக்கரம் சற்றுத் தூரம் வீணாகச் சுழலும். பற்கள் எத்திசையிற் செல்கின்றனவோ அத்திசையிலேயே பொருளைச் செலுத்தினால், கட்டர் அத்தளர்வளவுக்குப் பொருளைத் தன்பக்கம் வெடுக்கென இழுத்துப் பல்லை முறித்துக்கொள்ளும். ஆதலால் தளர்வுள்ள இயந்திரத்திலே பற்களுக்கு எதிராகவே பொருளைச் செலுத்துதல் வேண்டும். எண்காட்டி இந்தக் கணக்குக் குழப்பத்தைத் தீர்க்கும், இழுப்பைத் தீர்க்காது.

சிற்றியந்திரங்கள் பலவற்றில் மோட்டாரிலிருந்து சுழலச்சுக்கு விசையைக் கொண்டுசெல்வன பிளாஸ்ரிக் பற்சக்கரங்களே. கட்டர் இறுகிக்கொண்டால் முதலில் ஒடிவது அவற்றின் பல். அவற்றை அகற்றி வார்ப்பட்டையைப் பூட்டினால், இறுகும் வேளையில் வார் நழுவுமேயன்றி எதுவும் ஒடியாது. இரைச்சலும் வெகுவாகக் குறையும். சுவரோடு சுவராக அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட இன்றைய வெள்ளவத்தையிலே, அயலாரின் நல்லெண்ணம் இவ்வேலைக்கு எண்ணெயினும் இன்றியமையாதது அன்றோ?

இவையாவும் முடிந்தபின்னரே சுழலச்சு மேசைக்குச் செங்குத்தாக நிற்கின்றதா என்று நோக்குதல் பொருந்தும். முள் அளவியைச் சுழலச்சிலே பூட்டி, மேசைமேல் ஒரு பெருவட்டமாகச் சுற்றிவரச் செய்தால் உண்மை வெளிப்படும். முள் ஏறி இறங்கும் பக்கத்தை அறிந்து, தூணின் அடியில் மயிரிழை போன்ற தகடுகளை இட்டுச் சரிசெய்யலாம்.

அளவெடுப்பதிலே வெப்பத்தையும் மறத்தலாகாது. உலகெங்கும் 20 பாகை செல்சியசு வெப்பநிலையே அளவுக்குரிய நிலையாகக் கொள்ளப்படுகின்றது. கொழும்பிலே பகல்வேளையில் அறையின் வெப்பம் பெரும்பாலும் 30 பாகையை அண்டியே நிற்கும். உருக்கும் உருக்கு அளவுகோலும் ஒன்றாகவே விரிவதால் அதனால் பெருங்கேடில்லை. அலுமினியமோ உருக்கைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். வெட்டிய சூட்டில் 60 பாகையிலிருக்கும் 100 மில்லிமீற்றர் நீள அலுமினியத் துண்டு, அறைச்சூட்டுக்கு ஆறியதும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஏழு பங்களவு குறுகிவிடும். பந்துத் தாங்கியொன்றை இறுக்கிப் பொருத்தும் வேலைக்கு இது பெரிய வேறுபாடு. ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் வரையாவது பொறுத்திருந்து அளத்தல் நன்று.

இயந்திரத்திலிருந்து உறுப்பு வெளிவந்தவுடனே வேலை முடிந்துவிட்டது என்று கருதுவோரே பலர். உண்மையில் அவ்வுறுப்பின் ஆயுள் அதன்பின்னரே நிச்சயிக்கப்படுகின்றது. விளிம்பிலே நிற்கும் பிசிறு கையைக் கிழிக்கும் என்பது சிறு காரணம். கூரிய உள்மூலையிலும் ஆழ்ந்த கீறலிலும் விசை குவியும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்க, அங்கேயே மயிரிழை வெடிப்பு முளைக்கும் என்பது பெருங்காரணம். 1952ஆம் ஆண்டில் இலண்டனுக்கும் கொழும்புக்குமிடையே பறக்கத் தொடங்கிய கொமெற் ஜெட் விமானம் அக்காலத்தின் அதிசயமாயிருந்தது. 1954ஆம் ஆண்டில் அவ்வகை விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடற்பகுதியில் வானிலே சிதறின. ஆராய்ந்தோர் உடற்கூட்டிலே வெட்டப்பட்ட திறப்புகளின் மூலையை அடுத்து, உலோகக் களைப்பினால் வெடிப்புத் தோன்றியதைக் கண்டனர். நீர்ப்பம்பியின் அச்சு வானத்தில் பறப்பதில்லை. எனினும் அது ஒடிவதும் இவ்விதியின்படியே. படி இறங்கும் மூலையிலே சிறியதொரு வளைவு கொடுத்து, சுற்றிலும் கீறலின்றித் தேய்த்துவிட்டால் அதன் வாழ்நாள் நீளும்.

தேய்க்கும் கலையைக் கற்க விரும்புவோர் கொழும்பிலே நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து சிறிது நடந்தால் செட்டியார் தெருவின் பொற்பணிப் பட்டறைகள். பொற்கொல்லர் அரத்தைக் கையாளும் முறையே தனி. அழுத்தம் முன்செல்லும்போது மட்டும். திரும்பும்போது அரம் பொருளைத் தொடாது. அரத்தின் பற்களிடையே துகள் சிக்கினால் அத்துகளே பொருளைக் கீறும். ஆகையால் அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்தைத் தேய்க்குமுன் அரத்தின்மேல் சுண்ணக்கட்டியைப் பூசிக்கொள்வது நல்ல பழக்கம். அரத்துக்குப்பின் எமரித் தாள். பரும்படியானதிலிருந்து நுண்ணியதை நோக்கிப் படிப்படியாக இறங்கவேண்டும். ஒவ்வொரு தாளும் முன்னைய தாளின் கீறல்களுக்குக் குறுக்காகச் செல்லுதல் வேண்டும். முன்னைய கீறல் முற்றாக மறைந்ததும் அடுத்த தாளை எடுக்கலாம். இடையிலே கழுவாமல் விட்டால், பரும் மணல் ஒன்று நுண்தாளிலே ஒட்டிக்கொண்டு ஒரு மணிநேர உழைப்பைக் கெடுத்துவிடும். பொன்னணியைப் பூந்திக்கொட்டை நுரையிலே கழுவும் மரபில் இந்த அறிவும் அடங்கியுள்ளது.

இவ்வாறு மினுக்கிய உருக்குத் துண்டை வெறுங்கையால் எடுத்து மேசையில் வைத்துவிட்டால், வெள்ளவத்தைக் காற்றிலே மறுநாட் காலை விரலடையாளம் துருவாக எழுந்து நிற்கும். வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள குளோரைட்டே இதற்குக் காரணம். உப்பு ஈரத்தை உறிஞ்சித் தன்னைச் சூழ ஒரு நீர்ப்படலத்தை உண்டாக்கிக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் துரு ஓய்வதில்லை. தேங்காயெண்ணெய் பூசுவோர் உண்டு. அது சில வாரங்களிலே காறிப் பிசினாகிப் புளிப்பேறுமாதலால் இவ்வேலைக்கு ஏற்றதன்று. தையல் இயந்திர எண்ணெய் நாளாந்தத் துடைப்புக்குப் போதும். நெடுநாள் வைப்பதற்குக் கம்பளிக் கொழுப்புச் சேர்ந்த தடித்த பூச்சே தக்கது.

உருக்கைக் கருக்கிவிடுதல் மற்றொரு வழி. துண்டின் முகத்திலே வைக்கோல் நிறமும் பின்னர் நீலமும் தோன்றும் வரை, அதாவது 300 பாகையளவுக்குச் சூடாக்கி எண்ணெயிலே அமிழ்த்தினால் கரிய ஒட்சைட்டுப் படலம் பற்றும். அப்படலம் தானாகத் துருவைத் தடுப்பதில்லை. எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்வதே அதன் பயன். வன்மையூட்டப்பட்ட கருவிகளுக்கு இச்சூடு ஆகாது, வன்மை இறங்கிவிடும். எண்ணெய் தீப்பற்றக்கூடுமாகையால், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில், வெளிமுற்றத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

அலுமினியத்துக்கு அனடைசிங் என்னும் மின்முறை சிறந்தது. நீர் கலந்த கந்தகவமிலத்திலே உறுப்பை நேர்முனையாகத் தொங்கவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் மேற்பரப்பே கடினமான ஒட்சைட்டாக மாறும். மேல்நாட்டார் எழுதும் குறிப்புகளைப் பார்த்துச் செய்வோர் கொழும்பிலே வழுக்குமிடம் ஒன்றுண்டு. அமிலத் தொட்டி 20 பாகையளவில் இருத்தல் வேண்டும். இங்கே சாதாரண அறையிலேயே அது 30 பாகையைத் தொட்டுவிடுமாகையால், படலம் மென்மையாகி விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும். தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டியிட்டுக் குளிர்வித்தால் குறை நீங்கும். அமிலத்தையே நீரில் ஊற்றவேண்டும்; நீரை அமிலத்தில் ஊற்றுவது கொதித்துத் தெறிக்கும் ஆபத்தை வரவழைப்பதாகும். எதிர்முனையிலே ஐதரசன் வாயு எழுவதால் அடைத்த அறையில் இதனைச் செய்தல் தகாது. எஞ்சிய அமிலத்தை அப்பச் சோடாவினால் நுரைத்தடங்கும் வரை நடுநிலைப்படுத்தாமல் வாய்க்காலிலே கொட்டுவது அயலாருக்குச் செய்யும் தீங்கு. அடுக்குமாடியில் வாழ்வோர் இவ்வேலையை அதற்கென்றே அமைந்த பட்டறையிற் கொடுத்துச் செய்வித்தல் மேல்.

இரவிலே இயந்திரத்தை என் செய்வது? பருத்தித் துணியால் மூடினால் துணி ஈரத்தை வாங்கி இரும்பின்மேலேயே வைத்திருக்கும். பிளாஸ்ரிக் விரிப்பினுள்ளே நீர் வியர்க்கும். மரப்பெட்டி செய்து கவிழ்த்து, அதனுள்ளே நாற்பது வாற்று இழை விளக்கொன்றை, மரத்திலும் துணியிலும் படாதவாறு எரியவிடுதல் பழையவர் கையாண்ட முறை. பெட்டியின் உட்காற்று வெளியினும் சில பாகை சூடாயிருப்பதால் இரும்பின்மேல் ஈரம் படிவதில்லை. இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கு இதற்குதவாது, மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் அவ்விளக்கிலே பெட்டியைச் சூடாக்கப் போதிய வெப்பம் இல்லை. பழைய இழை விளக்கு கடைகளில் அருகிவருகின்றது. கிடைக்கும்போது இரண்டு மூன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.