ஆலை மதிலும் கோயில் வாசலும்

(திண்டிவனம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய ஆலையைக் காவல் கோட்டையாக்குவது ரொம்ப சுலபம். மதில், வாசல், ரயில் தடம், சங்கு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஆளை எண்ணி உள்ளே விடுகிற பழக்கமும் இருக்கும். 1933-இல் நாஜிகள் தாஹாவ் வதைமுகாமைத் திறந்தது பழைய வெடிமருந்து ஆலை வளாகத்தில். அதே வருஷம் ஒரானியன்பர்க் முகாமைத் தொடங்கியது பழைய பீர் ஆலையில்.

நம் மொழி பேசும் மண்ணில் இதற்குக் கிட்ட வருவது யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை. 1950-இல் அங்கே சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் அந்த மண்ணிலேயே, துறைமுகம் பக்கத்திலேயே, கொழும்பு ரயிலுக்கும் அதுதான் கடைசி ஸ்டேஷன். 1990-இல் மறுபடி போர் மூண்டதும் ஆலை நின்றது. ஆலை, துறைமுகம், சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் எல்லாம் ராணுவத்தின் 'உயர் பாதுகாப்பு வலயம்' ஆயின. ஜனங்கள் வேலிக்கு வெளியே துரத்தப்பட்டார்கள்.

அந்த வேலிக்குள்தான் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலும் மாட்டிக்கொண்டது. 1968-இல் அந்தக் கோயில் வாசலில் நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் நடத்திய காலம் அது. 'பஞ்சமர்' நாவல் எழுதிய கே. டானியல் அந்த இயக்கத்தில் நின்றவர். வழிமறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி. அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. ஆக, ராணுவம் வேலி போடுவதற்கு 22 வருஷம் முன்பே அங்கே ஓர் உயர் பாதுகாப்பு வலயம் இருந்தது. போட்டவன் சாதிக்காரன்.

1990-க்குப் பிறகு வெள்ளாளரும் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். அவர்கள் இழப்பும் இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 2009-இல் போர் முடிந்து, நிலத்தைப் பகுதி பகுதியாகத் திருப்பித் தரும்போது என்ன கேட்டார்கள்? உறுதிப் பத்திரம். அடுத்தவன் காணியில் குடிசை போட்டு, அடுத்தவன் தோட்டத்தில் கூலி வேலை செய்தவன் எதைக் காட்டுவான்? இருபது வருஷத்துக்கு மேலும் முகாமிலேயே கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியார் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதை ஏன் இங்கே பேசுறேன்? மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் ஈழ அகதி முகாம் இருக்கிறது. அந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை. இன்னொன்று, நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். பட்டா இல்லாதவனுடைய பேச்சு முதல் நிமிஷத்திலேயே முடிந்துபோவதைத் தினமும் பார்க்கிறேன். 1892-இல் தொடங்கிக் கொடுத்த பஞ்சமி நிலமே நம் கையில் தங்கவில்லை.

திண்டிவனத்துக்கும் சிப்காட் வந்துவிட்டது. ஆலை வேண்டாம்னு சொல்லவில்லை. நிலம் எடுக்கும்போதும், நாளைக்கு அது மூடி வேறொன்றாக மாறும்போதும், பட்டியலில் பட்டாக்காரன் பெயரோடு அங்கே குடியிருந்தவன், கூலி செய்தவன் பெயரும் ஏற வேண்டும். அதை இப்போதே ஊர் ஊராகப் போய் நாமே எழுதி வைப்போம். வேலி விழுந்த பிறகு எழுத முடியாது, தோழர்களே.