காற்பந்து ஆட்டத்தில் பீருக்கு என்ன வேலை?

சுங்கை பெசார் வட்டார மூத்தோருக்கான சுகாதார உரை



தோட்டத்துக் கள்ளுக்கடை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சம்பள நாளன்று காசு எங்கே போனது என்பதும் நினைவிருக்கும். 1941-இல், பக்கத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்றார்கள். சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றும் கேட்டார்கள்.

அன்று குடியைத் தேடிக் கடைக்குப் போனோம். இன்று அதன் பெயர் விளையாட்டோடு சேர்ந்து வீட்டுக்குள் வருகிறது.

1992 முதல் 2010 வரை லிவர்பூல் குழுவின் சட்டையில் கார்ல்ஸ்பெர்க் பீரின் பெயர் இருந்தது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் போட்டிகளுக்கு ஹைனக்கன் ஆதரவு தந்தது. உலகக் கிண்ணத்துக்கு பட்வைசர். நம் நாட்டு வானொலி, தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு இடமில்லை. ஆனாலும் வெளிநாட்டு ஆட்டத்தைக் காட்டும்போது திடலோரப் பலகையும் தெரிகிறது. பேரன் கோலைப் பார்க்கும்போது அந்தப் பெயரையும் பார்க்கிறான்.

பார்த்தால் என்ன என்று கேட்கலாம். இது பற்றிய ஏழு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளானாலும், வளர்ந்த விளையாட்டாளர்களானாலும், இத்தகைய ஆதரவுக்கு ஆளானவர்களிடம் குடி அதிகமாகவே காணப்பட்டது.

மது நிறுவனத்தின் பணம் இல்லாவிட்டால் விளையாட்டு நின்றுவிடுமா? நம் நாட்டுக் காற்பந்து லீக் பல ஆண்டுகள் டன்ஹில் சிகரெட்டின் பெயரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் போய்விட்டது, காற்பந்து போகவில்லை. பிரான்சில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டில் மது விளம்பரத்தைத் தடுத்தது. 1998 உலகக் கிண்ணம் அங்கேதான், திடலோரத்தில் பீர் விளம்பரம் இல்லாமல் நடந்தது.

சட்டம் செய்வது அரசாங்கத்தின் வேலை. வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு:

• ஆட்டம் பார்க்கும்போது மேசையில் பீர் வேண்டாம். தே ஓவும் கச்சாங்கும் போதும். உங்களைப் பார்த்துத்தான் பேரப்பிள்ளைகள் பழகுகிறார்கள்.

• பீர் வாங்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம்.

• தோட்டத்துப் போட்டிகளில் பீர் பெட்டியைப் பரிசாக வைக்க வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் எடுபடும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். வயது ஏற ஏற, அதே அளவு மது கூடுதலாக ஏறும்; தடுமாறி விழும் ஆபத்தும் கூடும். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில இனிப்புநீர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மருந்து எடுப்பவர்கள், தாங்கள் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். பல காலமாகத் தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் தாமாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக வரத் தயங்கினால் மகனையோ மகளையோ அழைத்து வாருங்கள்.

அடுத்த ஆட்டத்தைப் பேரனோடு உட்கார்ந்து பாருங்கள். பலகையில் பீர் பெயர் தெரியும்போது, "இது எதற்கு இங்கே இருக்கிறது தெரியுமாய்யா?" என்று கேளுங்கள். பேச்சு அங்கே தொடங்கட்டும்.