பட்டதாரிகளுக்குத் தனி வாசல்



துணை தேடும் ஆணையும் பெண்ணையும் கைத்தொலைபேசி வழியே அறிமுகஞ் செய்துவைக்கும் செயலிகள் பல இன்று உலகெங்கும் வழங்கிவருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சந்தைக்கு ஒப்பானவை. எவரும் உள்ளே போகலாம், எவரையும் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விரலால் ஒதுக்கிவிட்டு அப்பால் நகரலாம். இவற்றுக்கிடையே, வாசலிலே காவல் வைத்து, கல்வியிலும் உத்தியோகத்திலும் உயர்ந்தவர்களை மாத்திரம் உள்ளே விடுகின்ற செயலிகள் சிலவும் தோன்றியிருக்கின்றன. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ‘த லீக்’ என்னும் செயலி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அமண்டா பிராட்போர்ட் என்னும் பெண்மணி. ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையில் வணிக நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். இதிற் சேர விரும்புவோர் விண்ணப்பிக்க வேண்டும். உத்தியோக விபரங்களைத் தாங்கும் ‘லிங்க்ட்இன்’ தளத்திலுள்ள தமது கணக்கை இணைக்க வேண்டும். எந்தச் சர்வகலாசாலை, என்ன பட்டம், எந்தக் கம்பனியில் என்ன பதவி என்பனவெல்லாம் பரிசீலிக்கப்படும். அதன் பின்னரும் காத்திருப்போர் வரிசையில் நிற்க வேண்டும். அவ்வரிசை நீண்டது, பணம் கட்டுவோர்க்குச் சற்று விரைவாக நகர்வது. உள்ளே சென்றவர்க்கும் ஆயிரம் முகங்கள் காட்டப்படுவதில்லை. நாளொன்றுக்குச் சிலர் மட்டுமே. ஆரம்ப காலத்தில் அச்சிலரும் மாலை ஐந்து மணிக்கே திரையில் தோன்றினர். மடியிலுள்ள சாதகங்கள் அனைத்தையும் ஒரேயடியாகக் கடைபரப்பாத நம்மூர்க் கல்யாணத் தரகரின் சாமர்த்தியம் இங்கே நினைவுக்கு வருகின்றதன்றோ?

இத்தகைய செயலியைச் செல்வர்களின் செருக்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உளர். அது முழு நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நியாயஸ்தலத்தில் வழக்காடும் பெண் சட்டத்தரணி, தம் படம் தமது அலுவலகத்துச் சிற்றூழியர் முதல் எதிர்க்கட்சிக்காரர் வரை எல்லோர் கையிலும் உலாவுவதை விரும்பமாட்டார். லீக் செயலி, லிங்க்ட்இன் விபரங்களைக் கொண்டே, உடன் வேலை செய்வோரின் கண்ணிற் படாமல் ஒருவரை மறைத்துவைக்கும் வசதியைத் தந்தது. அன்றியும், இரவிலே ஆஸ்பத்திரிக் கடமைக்குச் செல்லும் ஒரு பெண் வைத்தியர், அடுப்பில் உலை ஏறவில்லையே என்று முகஞ் சுளிக்காத கணவனை நாடுவாராயின், அந்த நாட்டத்திற் குறை காண எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் வாசலில் நிற்கும் காவலாளி, ‘நீ முகஞ் சுளிப்பாயா?’ என்று கேட்க முடியாது. கேட்டாலும் உண்மையான விடை வராது. ஆகவே அவன் பட்டத்தைக் கேட்கின்றான். பட்டம் மெய்யென்று உறுதிப்படுத்தலாம். பொறுமையை உறுதிப்படுத்தும் சர்வகலாசாலை எதுவும் இல்லை. வேண்டுவது ஒன்று, அளக்கப்படுவது வேறொன்று. படித்தவனெல்லாம் மனைவியின் உத்தியோகத்தை மதிப்பவன் என்பதற்கு நமது அயலிலே எத்தனை சான்றுகள் கிடைக்கும் என்பதை நேயர்களின் அனுபவத்துக்கே விட்டுவிடுகின்றேன்.

இதனிலும் முக்கியமானது ஒரு சிறு கணக்கு. அமெரிக்காவில் 1980களின் தொடக்கம் முதலாக, இளமாணிப் பட்டம் பெறுவோரில் ஆண்களை விடப் பெண்களே அதிகம். இப்பொழுது நூறு பட்டங்களில் ஏறக்குறைய 58 பெண்களுக்குப் போகின்றன. ஒரு மண்டபத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பட்டம் பெற்ற 58 பெண்களும் 42 ஆண்களும் உள்ளே இருக்கின்றனர், கதவு பூட்டப்பட்டுவிட்டது. ஆண்கள் எல்லோரும் மண்டபத்துக்குள்ளேயே மணஞ் செய்தாலும் 16 பெண்கள் தனித்து நிற்பர். அந்த 42 பேரில் 10 பேர் வெளியே சென்று பட்டமில்லாத பெண்களை மணப்பாராயின், தனித்து நிற்போர் 26 பேர் ஆவர். அழகோ குணமோ ஊழோ இங்கே குறுக்கிடவில்லை. வெறுங் கழித்தற் கணக்குத்தான். ஜோன் பேர்கர் என்னும் பத்திரிகை எழுத்தாளர் 2015ஆம் ஆண்டில் ‘டேட்-ஒனோமிக்ஸ்’ என்ற நூலில் இதையே விரித்து எழுதினார். எண்ணிக்கை தமக்குச் சாதகமாக இருக்கும்போது ஆண்கள் பொறுப்பேற்க அவசரப்படுவதில்லை என்பது அவர் வாதம். படித்த பெண்கள், பட்டமில்லாத தொழிலாளரையும் ஏறிட்டுப் பார்க்கலாமே என்பது அவர் யோசனை. பூட்டிய வாசல் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று விளம்பரஞ் செய்யப்படுகின்றது; அந்தப் பூட்டினால் நெருக்கடிக்குள்ளாவோரும் பெரும்பாலும் பெண்களே.

இக்கணக்கை ஓர் அரசாங்கமே கையிலெடுத்துப் பார்த்த வரலாறு நமக்குக் கிழக்கே, சிங்கப்பூரில் உண்டு. 1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தேசிய தினக் கூட்டத்தில் உரையாற்றிய பிரதமர் லீ குவான் யூ, பட்டம் பெற்ற ஆண்கள் தம்மினுங் குறைந்த படிப்புள்ள பெண்களை மணப்பதையும், பட்டம் பெற்ற பெண்கள் மணமாகாதிருப்பதையும் நாட்டுக்கு நேர்ந்த ஆபத்தாக எடுத்துரைத்தார். அறிவு பெரும்பாலும் பிறப்போடு வருவது என்பது அவர் கொண்ட கொள்கை. அடுத்த ஆண்டே சமூக மேம்பாட்டுப் பிரிவு என்ற அரசாங்கப் பகுதி அமைக்கப்பட்டது. அது பட்டதாரிகளுக்கு நடன விருந்துகளும் கப்பற் பிரயாணங்களும் ஒழுங்குசெய்தது. கணினியைக் கொண்டு பொருத்தமும் பார்த்தது. கைத்தொலைபேசிச் செயலி தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பட்டதாரிகளுக்கான தனி வாசல் அரசாங்க முத்திரையோடு திறக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மக்கள் அதை எப்படி ஏற்றனர்? அப்பிரிவின் பெயரிலுள்ள மூன்று ஆங்கில எழுத்துகளையும் விரித்து, ‘தனித்தோர், தவித்தோர், அழகற்றோர்’ என்று பொருள்படப் பரிகசித்தனர். அத்தோடு நின்றிருந்தாற் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அதே 1984இல், மூன்று பிள்ளைகளைப் பெற்ற பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதியில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. படிப்புக் குறைந்த ஏழைத் தாய்மார் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 சிங்கப்பூர் டொலர் வழங்குவதாகவும் அறிவிக்கப்பட்டது. மணவறையின் வாசலில் வைத்த தராசு தொட்டில் வரைக்கும் வந்துவிட்டது. பட்டம் பெற்ற பெண்களிலேயே பலர் இதனை அவமதிப்பாகக் கொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 13 வீதம் குறைந்தது. அதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றெனக் கருதப்பட்டது. பாடசாலை முன்னுரிமை 1985இற் கைவிடப்பட்டது. அவ்வாண்டே பட்டமில்லாதோர்க்கு வேறொரு பகுதி அமைக்கப்பட்டது. இவ்வாறு ஒரே ஊரில் இரு வாசல்கள் இருபத்துநான்கு ஆண்டுகள் தனித்தனியே நின்றன. 2009ஆம் ஆண்டில் அவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டன.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. லீ அவர்களின் மனைவி குவா கியோக் சூ, றாபிள்ஸ் கல்லூரியிற் பரீட்சையில் அவரை முந்தியவர். படித்தவரைப் படித்தவர் மணக்க வேண்டும் என்ற அவரது கொள்கைக்கு வீட்டிலேயே சான்று இருந்தது. ஆயினும் அவர்களுக்கிடையே பழக்கம் முதிர்ந்தது வகுப்பறையில் அன்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், வயிற்றுப் பாட்டுக்காக லீ ஒரு நண்பரோடு சேர்ந்து மரவள்ளி மாவிலிருந்து பசை செய்து விற்றார். அந்த நண்பரின் மனைவிக்குத் தங்கையாக வாய்த்தவர் கியோக் சூ. 1947இல் இங்கிலாந்திலே இருவரும் இரகசியமாக மணம் முடித்தனர். பட்டங்களைச் சரிபார்க்கும் எந்தச் செயலியும் பசை காய்ச்சும் வீட்டைக் கண்டுபிடித்திராது.

லீக் செயலியின் பிற்கதை சுருக்கமானது. 2022ஆம் ஆண்டில் அதனை ‘மட்ச் குரூப்’ என்ற நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. எவரும் நுழையக்கூடிய ‘டிண்டர்’ சந்தையும் அதே நிறுவனத்துக்கே சொந்தம். பொது வாசலுக்கும் தனி வாசலுக்கும் உண்டியல் ஒன்றாயிற்று.

நமது நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் இன்று பெண்களே அதிகம். பொறியியற் பீடம் போன்ற சிலவே விலக்கு. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்து ‘மணமகன் தேவை’ என்ற பகுதியைப் பாருங்கள். டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்ற மூவரையும் தேடி எத்தனை வரிகள்! அமெரிக்கரின் மண்டபத்துக்கு ஒரு பூட்டு. நமது மண்டபத்துக்குச் சமயம், சாதி, ஊர், செவ்வாய் தோஷம், சீதனம் என்று பூட்டின்மேற் பூட்டு. நூறு மாப்பிள்ளைகளில் பாதிப்பேரை ஒவ்வொரு பூட்டும் கழிப்பதாக வைத்துக்கொண்டாலும், ஐந்தாம் பூட்டுக்கு அப்பால் மூவரே மிஞ்சுவர். அம்மூவருக்காகவே, முப்பது வயது கடந்த பட்டதாரி ஆசிரியை ஒருவர் வீட்டிலே காத்திருக்கின்றார். ‘பட்டதாரி மணமகன் மட்டும்’ என்று அந்த விளம்பரத்தை எழுதியவர் பெரும்பாலும் தகப்பனாராகவோ தமையனாராகவோ இருப்பர். அந்தப் பெண்ணைக் கேட்டுத்தான் எழுதினார்களா என்பதை விளம்பரம் சொல்வதில்லை.